நத்தையின் சவுண்ட் ப்ராப்ளம்

பாட்டில் கம்பெனியில் அவருக்கு இடி என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர் எவரும் இல்லை. கழுவுகிற பகுதியில் அவருக்கு வேலை. காலிக் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக வந்து, வெந்நீரில் முங்கி, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வெளியே வருகிற இடம் அது. அந்தச் சத்தத்தை வாயால் சொல்லி விளங்க வைக்க முடியாது. ஒருமுறை உள்ளே போய்விட்டு வந்தால், வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காதுக்குள் யாரோ கரண்டியால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இவர் மீசை அரும்பின வயதில் உள்ளே போனவர். அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருகிறவனை மற்றவர்கள் புதுப்பொண்ணு என்று ஓட்டு ஓட்டென்று ஓட்டுவார்கள். இவர் ரோஷக்காரர். வைக்கவே இல்லை.

பக்கத்தில் நிற்பவனிடம் மணி என்ன என்று கேட்கவும் அங்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்திக் கத்தி அதுவே குரலாகிப் போனது. காதும் பாதி போனது. காது போன மனுஷனுக்குத் தன் குரல் எவ்வளவு தூரம் போகிறதென்று எப்படித் தெரியும்? வீட்டில் சாப்பாடு எடுத்து வை என்று சொன்னாலே, சண்டை ஆரம்பித்துவிட்டதென்று மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நான் மெதுவாகத்தானே பேசுகிறேன் என்று அவர் சொன்னது தெருமுனை வரை கேட்டது. அடிக்கிற ஆள் இல்லை. குடி இல்லை. ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் யாரும் அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

ஒரே மகள். ஒரு வாய்ச் சோற்றை நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பாள் என்பதால் நத்தை என்று பேர் வைத்தவர் அவர்தான். வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்றபடியே "நத்தே!" என்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளே அவள் கையிலிருக்கிற ஸ்பூன் டங்கென்று கீழே விழும். பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி என்று சிரித்துக்கொண்டே அவரே போய் ஸ்பூனை எடுத்துக் கழுவிக் கொடுப்பார். அதைத் தினமும் நடக்கிற ஒரு விளையாட்டு என்றே அவர் நினைத்திருந்தார். குழந்தையும் அப்படித்தான் நினைத்தாளா என்று அவர் கேட்டதில்லை.

பெண்ணுக்கு விவரம் தெரிகிற வயது வந்தபோது, சத்தம் இல்லாத வீட்டில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று சொல்லி, மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் இருக்கிற ஊருக்குப் போனாள். கொஞ்ச நாள் என்று போனது வருஷக்கணக்காக நீண்டுவிட்டது. போன் பண்ணினால் நத்தை, "ம்... சரிப்பா... வெச்சிடறேன்ப்பா" என்று வைத்துவிடுவாள். அப்புறம் எடுப்பதே நின்றுபோனது. மனுஷர் துடித்துப் போனார். தாயும் மகளும் சேர்ந்து தன்னைக் கழற்றி விட்டுவிட்டார்கள் என்று கம்பெனியில் எல்லோரிடமும் புலம்பினார். அந்த நேரத்தில்தான் ஒரு நாள் அவளே எழுதினாள்: "அப்பா, ஒரு கேம் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து விளையாடலாமா?"

போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியாத ஆள் அவர். மறுநாளே போய்ப் பழைய லேப்டாப் ஒன்றும், காதை மூடுகிற ஹெட்போன் ஒன்றும் வாங்கிவிட்டார். அடிதடி, துப்பாக்கி எதுவும் இல்லாத விளையாட்டு. ஒரு தீவு. மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம். அவள் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட பொம்மை. அவருக்கு நீலத் தொப்பி வைத்து, இடி என்று பேரும் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். ஞாயிறு சாயங்காலம் ஆனால் போதும், முகம் கழுவி, தலை வாரி, கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் லேப்டாப் முன்னால் உட்காருவார். அவர் முகம் அவளுக்குத் திரையில் தெரியாது என்று யாராவது சொன்னால், இருக்கட்டுமே என்பார்.

அந்தத் தீவில் அவளுக்குப் பேச்சு வந்தது. கல்லூரி, தோழிகள், ஒரு டீச்சரின் நடை, எல்லாவற்றையும் கொட்டுவாள். ஹெட்போனை முழுச் சத்தத்தில் வைத்து ஒரு சொல் விடாமல் கேட்பார். பிறகு இவர் பேசுவார். பேசும்போது நீலத் தொப்பிக்கு மேல் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும், நிறுத்தினால் அணையும். விளக்கு எரிகிற வரைக்கும் அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டாள். அணைந்த பிறகு "ம்ம்" என்பாள், "அப்படியாப்பா" என்பாள். தன்னை முழுசாகப் பேசவிட்டுக் கேட்கிற ஆள் அவருக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. என் பொண்ணு மாதிரி பொறுமையாகக் கேட்க எவனாலும் முடியாது என்று பாட்டில் கழுவுகிற இடத்தில் பெருமையடித்துக்கொண்டார். சில சமயம் கேட்டது ஒன்றும் பதில் ஒன்றுமாக இருக்கும். முட்டி வலிக்கிறது என்று இவர் சொன்னால், "சூப்பர்ப்பா" என்பாள். அதெல்லாம் அவருக்குப் புதிதா என்ன? அவர் வேலை செய்கிற இடத்தில் கேள்விக்குப் பொருந்துகிற பதில் வந்தால்தான் அதிசயம்.

ஒரு தடவை, லீவுக்கு அப்பாகிட்ட வந்து இருக்கியா என்று கேட்டார். விளக்கு அணைந்தது. "சரிப்பா" என்றாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. உள் அறைக்கு வெள்ளை அடித்தார். புதுக் கட்டில் போட்டு, மஞ்சள் நிறத்தில் திரைச்சீலை வாங்கி மாட்டினார். லீவு வந்தது, போனது, அவள் வரவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தாய்க்காரி தடுத்துவிட்டாள் என்று அவராகவே முடிவு கட்டி, அந்த மனுஷியை மனசுக்குள் கரித்துக் கொட்டினார். மகளிடம் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அப்டேட் வந்து தொலைந்தது.

அந்த ஞாயிறு தீவு பளபளவென்று இருந்தது. தண்ணீரில் அலை எழும்பியது, மரங்களில் புதுக் கிளிகள் உட்கார்ந்திருந்தன. மஞ்சள் மழைக்கோட்டு ஏற்கெனவே கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றது. இவர் சந்தோஷம் தாங்காமல், "நத்தே! வந்துட்டியா!" என்றார். மழைக்கோட்டின் கையிலிருந்த தூண்டில் தண்ணீரில் விழுந்தது. அது பின்னால் நகர்ந்து, மரத்துக்கு அந்தப் பக்கம் போய் அசையாமல் நின்றது. என்னம்மா, என்ன ஆச்சு என்றார். சத்தம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசினார். "கேக்குதா? நத்தே, அப்பா பேசறது கேக்குதா? கேக்குதா?"

கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் எழுத்து வந்தது. "அப்பா, அப்டேட்டுக்கு அப்புறம் சவுண்ட் ப்ராப்ளம். சரி பண்ணிட்டு வரேன்." மழைக்கோட்டு மறைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. இன்னும் சரியாகவில்லை என்று எழுதியிருந்தாள். அதற்கடுத்த வாரமும் அதே கதைதான்.

மகள் வருகிற ஒரே வாசல் அது. அதுவும் அடைபட்டுவிட்டால் அவருக்கு வேறு கதி இல்லை. எப்பாடு பட்டாவது அவளுடைய சவுண்டைச் சரி பண்ணிவிடுவது என்று களத்தில் இறங்கினார்.

முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு ஹெட்போனை. பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒயரைக் கழற்றி மாட்டினார், கேமை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார், மைக்கில் பேசிப் பதிவு செய்து கேட்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தார். இவர் பேசினார். ஹெட்போனை மாட்டியிருந்த கடைக்காரர் சட்டென்று அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "உங்க பக்கம் ஒரு குறையும் இல்ல சார். நல்லாவே போகுது. கொஞ்சம் ஜாஸ்தியாவே போகுது" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை இவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார். புது அப்டேட்டில் எல்லாவற்றையும் இடம் மாற்றித் தொலைத்திருந்தார்கள். நண்பர்கள் பக்கத்துக்குப் போய், அவள் படத்தை அழுத்திப் பிடித்தால் ஒரு பல்சக்கரம் வருகிறது, அதற்குள் போனால் 'குரல்' என்று ஒரு கோடு இருக்கிறது. யாருக்கும் எளிதில் அகப்படாத இடம். அவர் அந்தக் கோட்டை வலது பக்கம் கடைசி வரைக்கும் இழுத்து வைத்தார். அவள் திரும்பி வரும்போது அவள் குரல் ஒரு துளிகூடக் குறையக் கூடாது இல்லையா.

கேன்டீனில் லேபிள் அக்காவிடம் இதைச் சொல்லி அழாத குறை. லேபிள் ஒட்டுகிற பகுதியில் காலத்தை ஓட்டியவள், இவருக்கு மூத்தவள், போனில் எந்நேரமும் பழங்களை வெடிக்க வைத்துக்கொண்டிருப்பாள். விளையாடுகிறவர்கள் தங்கள் கோளாறுகளை எழுதிக் கேட்பதற்கென்றே தமிழில் ஒரு உதவிப் பக்கம் இருக்கிறது, பதில் சொல்லவும் அங்கே வேலைவெட்டி இல்லாத ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லி, அவர் போனிலேயே அதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் பழங்களுக்குத் திரும்பினாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கேன்டீனில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். ஒருவருக்கு வாத்து கத்துவது கேட்கவில்லை. ஒருவருக்கு மழை நின்ற பிறகும் மழைச் சத்தம் நிற்கவில்லை. பழைய செட்டிங் எல்லாவற்றையும் இந்த அப்டேட் துடைத்துவிட்டது என்று ஒருவர் திட்டியிருந்தார். இன்னும் கீழே இறங்கினார். சின்ன வட்டத்துக்குள் மஞ்சள் மழைக்கோட்டு. பக்கத்தில் நத்தை என்று பேர். அட, என் பொண்ணும் இங்கேதான் கேட்டிருக்கிறாள் என்று அவருக்கு முகம் மலர்ந்தது.

"அப்டேட்டுக்கு அப்புறம் சவுண்ட் ப்ராப்ளம். ஒருத்தரோட குரல மட்டும் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். இப்ப அது போயிடுச்சு. அவர் பேசறது கேக்குது. அந்த ஆப்ஷன் பழைய இடத்துல இல்ல. எங்க இருக்குன்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ்."

அந்த ஆளை நண்பர்கள் லிஸ்டிலிருந்தே ஒரேயடியாகத் தூக்கிவிடு என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நத்தை, "ஐயோ, அது வேணாம். அவர் எங்கப்பா. அவர்கூட விளையாடணும். குரல் மட்டும் வேணாம்" என்று எழுதியிருந்தாள். அப்பா குரலில் அப்படி என்ன என்று மூக்கை நுழைக்க அங்கேயும் ஒருவர் இருந்தார். அவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தாள்.

"எங்கப்பா ரொம்ப நல்லவர். சத்தமா பேசுவார், அவ்ளோதான். சின்ன வயசுல இருந்தே அந்தச் சத்தம் கேட்டா எனக்குக் கை நடுங்கும். இப்பவும் நடுங்குது. சொன்னா மனசு உடைஞ்சிடுவார். அதனால ஆரம்பத்துல இருந்தே ஆஃப் பண்ணிட்டேன். அவர் தலைக்கு மேல லைட் எரிஞ்சா பேசறார்னு தெரிஞ்சுப்பேன்."

தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அவர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள் வழக்கம்போல மேசைக்கு மேசை கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலை அன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறவர் போல ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த லேபிள் அக்காவிடம், தன்னால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, நான் கத்தறேனா?"

அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். "என்னது? கேக்கல, சத்தமா சொல்லு."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மத்தியானம் முழுக்கப் பாட்டில்கள் போய்க்கொண்டே இருந்தன. அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முட்டி வலி. அவருடைய அம்மா இறந்த செய்தியைச் சொன்னது. அதற்கு அவள் "ம்ம், அப்படியாப்பா" என்றது, பிள்ளைக்குத் துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று இவர் நினைத்துக்கொண்டது. லீவுக்கு வருகிறாயா என்று கேட்டது. அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வெள்ளை அடித்த அறை இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. பாவம், அந்தத் தாய்க்காரியை வேறு அநியாயமாகக் கரித்துக் கொட்டியிருக்கிறார். பொறுமையாகக் கேட்கிற பொண்ணு! மூக்கைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெந்நீர் ஆவி அடிக்கிற இடம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, கடைக்காரர் காட்டிக் கொடுத்தபடி தன் குரலைப் பதிவு செய்தார். தொட்டிலில் இருக்கிற குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "நத்தே, வந்துட்டியாம்மா" என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். தூக்கிவாரிப் போட்டது. கழற்றி மேசையில் வைத்துவிட்டார். திரும்பவும் பதிவு செய்தார். இன்னும் மெதுவாக, வெறும் மூச்சில் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். திரையில் குரலைக் காட்டுகிற கோடு மேல்விளிம்பு வரை எகிறியது. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தும் அது இறங்கவில்லை. அவ்வளவு காலமும் அவள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து விழுந்த குரல் இதுதான்.

மைக்கை அணைத்துவிட்டு ஊமையாக இருந்துவிடலாமா என்று யோசித்தார். விளக்கு எரியாவிட்டால் அவள் ஏன் என்று கேட்பாள், தெரிந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடுவாள், அப்பா மனசை உடைத்துவிட்டோமே என்று அந்தப் பிள்ளை மருகும். இன்னொரு எண்ணமும் வந்தது, பொய் சொல்வானேன். உதவிப் பக்கத்தில் அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் யாருமே வழி சொல்லவில்லை. இப்படியே விட்டால், கேட்டுக் கேட்டு அவளுக்குப் பழகிப் போகாதா? தூண்டில் தண்ணீரில் விழுந்ததை நினைத்துக்கொண்டார். இல்லை, அவளுக்குப் பழகாது. அவள் பிறந்ததிலிருந்து பழகாதது இனிமேலா பழகப் போகிறது?

பதில் எழுதப் போனதும் உதவிப் பக்கம் பேர் கேட்டது. பேர் போட இஷ்டமில்லாதவர்களை விருந்தாளி என்று அதுவே காட்டுமாம். சரியென்று ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். வழி தப்பாகச் சொல்லிவிடக் கூடாதென்று, நண்பர்கள் பக்கத்தைத் திறந்து அவள் படத்திலேயே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். அவள் குரல் கோட்டை இடது பக்கம் கடைசி வரை இழுத்தார். பூஜ்யம் என்று காட்டியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் உடனே வலது பக்கம் இழுத்துவிட்டு எழுதினார். பெற்ற மகளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக 'ங்க' போட்டு எழுதினார்.

"நண்பர்கள் பக்கத்துக்குப் போங்க. அப்பா படத்த அழுத்திப் பிடிங்க. பல்சக்கரம் வரும். உள்ள குரல்னு ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் கடைசி வரைக்கும் இழுத்து விடுங்க. அவருக்குத் தெரியாது. நீங்க பயப்படாம விளையாடுங்க."

சீக்கிரமே பதில் வந்தது. "ரொம்ப ரொம்ப நன்றிங்க. எவ்ளோ தேடினேன் தெரியுமா." அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அவள் அவருக்கு இதயம் எதுவும் அனுப்பியதில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய், உள் அறையின் மஞ்சள் திரையைக் கழற்றி மடித்து வைத்தார்.

ஞாயிறு வந்தது. முகம் கழுவினார், தலை வாரினார், கண்ணாடி பார்த்தார். தீவில் மஞ்சள் மழைக்கோட்டு அவருக்கு முன்பே வந்து குதித்துக்கொண்டிருந்தது.

"அப்பா! சவுண்ட் ப்ராப்ளம் சரியாயிடுச்சுப்பா! யாரோ ஒருத்தர் வழி சொல்லிக் குடுத்தாங்க. ரொம்ப நல்ல மனுஷன் போல."

அவள் குரல் கணீரென்று வந்தது. விளக்கு எரியவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பாளே என்று அவசரமாக வாயைத் திறந்தார். மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

"நத்தே, அப்பாவ மன்னிச்சிடும்மா. நீ பயந்து நடுங்கினப்ப எல்லாம் நான் பக்கத்துல நின்னு சிரிச்சிருக்கேன். எனக்குத் தெரியலம்மா."

நீலத் தொப்பிக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது. மஞ்சள் மழைக்கோட்டு தூண்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்து நின்றது. விளக்கு அணைந்தது.

"ம்ம். சரிப்பா, சரிப்பா" என்றாள் நத்தை. "இந்தப் பக்கம் வாங்க, இங்க மீன் நெறைய இருக்கு."

அவர் போனார்.